திடீர்ச் செலவு யாருக்குத் திடீர்?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீர்கள். நான் காசைப் பற்றிப் பேசப் போகிறேன். பகல் முழுக்க வங்கிக் கவுண்ட்டரில் அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவன் நான். அதில் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

எங்க தாத்தா செத்தது 1983ல். பாடைக்கும் கோடித்துணிக்கும் வந்த சனத்துக்குச் சோத்துக்கும் வீட்டில் காசில்லை. ஆயா ஆண்டை வீட்டு வாசல்ல போய் நின்னுச்சு. 400 ரூபாய் கொடுத்தார்கள். 11 வயசு எங்கப்பாவை மாடு மேய்க்க விடச் சொன்னார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஏழு வருஷம் கழித்தும் எங்க காலனிக்கு வந்து சேரவில்லை. அப்பாவின் பள்ளிக்கூடம் அந்த 400 ரூபாயோடு முடிந்தது.

‘திடீர்னு போயிட்டாரு’ என்று ஆயா கடைசிவரை சொல்லும். ஆனால் ஆண்டைக்கு அது திடீர் இல்லை. காலனியில் வருஷா வருஷம் சாவு விழும், பிரசவம் வரும், மழைக்குச் சுவர் இடியும் என்று அவனுக்குத் தெரியும். அதற்கென்றே பணம் ஒதுக்கி வைத்திருந்தான். நம்ம அவசரம்தான் அவனுடைய முதலீடு.

இன்றைக்கு அவன் இடத்தில் தண்டல்காரன் பைக்கில் வருகிறான். 10,000 என்று எழுதிக்கொண்டு, 1500 பிடித்துக்கொண்டு, 8500 கொடுப்பான். நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்டணும். அசல் தினமும் குறைவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷ வட்டி 100 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003லேயே வந்தது. ஆனால் ராத்திரி குழந்தைக்கு வலிப்பு வந்தால் ஆட்டோவுக்குச் சட்டமா காசு கொடுக்கும்?

‘கூலியே பத்தாத சனத்துக்குச் சேமிப்புப் பாடமா?’ என்று தோழர்கள் கேட்கலாம். நியாயம்தான். சேமித்தால் சாதி ஒழியாது, நிலம் வராது. கூலிக்குப் பதில் சேமிப்பு என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் கூலி உயர்வு கேட்டு நாம் வேலைக்குப் போகாமல் நிற்கும்போது, முதலாளி எதை நம்பிச் சும்மா இருக்கிறான்? நாலாம் நாள் நம்ம வீட்டில் உலை கொதிக்காது என்பதை நம்பித்தானே?

சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வேலைக்குச் சேர்ந்த மூணாம் வருஷம் அம்மாவுக்கு அவசர ஆபரேஷன். வங்கி ஊழியன் நான் தண்டல்காரனிடம்தான் போய் நின்றேன். சம்பளம் வந்தது, தங்கவில்லை. தங்கச்சி படிப்பு, மாமன் கடன், யார் வீட்டு விசேஷம் என்றாலும் ‘அவன் பேங்க்ல இருக்கான்’. முதல் தலைமுறைச் சம்பளத்துக்கு இருபது கை நீளும்.

அதற்கப்புறம் மாற்றிக்கொண்டேன். மிச்சமானதைச் சேர்க்கலாம் என்றால் எதுவும் மிச்சமாகாது. சம்பளம் வந்த அன்றைக்கே ஒரு பங்கை அம்மா பேரில் தனிக் கணக்கில் போட்டேன். அதற்கு ஏடிஎம் கார்டு வாங்கவில்லை. முதல் இலக்கு ஒரு ராத்திரி ஆஸ்பத்திரிச் செலவு. அடுத்தது ஒரு மாசச் சாப்பாடு. அப்புறம் மூணு மாசம். கூலி வீட்டில் நாளைக்கு 10 ரூபாய் என்றாலும் வருஷத்துக்கு 3650. அந்தத் தண்டல் வட்டியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். வேலை இல்லாத மாசம் விட்டுவிடுங்கள். எடுக்க வேண்டி வந்தால் வெட்கப்படாதீர்கள், எடுக்கத்தானே வைத்தோம்? எடுத்ததை மறுபடி நிரப்புங்கள். இந்தப் பணத்தைச் சீட்டில் மட்டும் போடாதீர்கள். நமக்கு அவசரம் வரும் அன்றைக்குச் சீட்டு விழாது.

குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. கேட்டால் ‘அடுத்த வாரம் வா’ என்பார்கள். யாரைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கவுண்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் நான். லீவுக்கு ஊருக்குப் போகும்போது காலனியில் பத்து வீட்டுக்குப் படிவம் நிரப்பிக் கொடுங்கள். வங்கிக்குக் கூடவே போய் நில்லுங்கள்.

போன மாசம் அப்பாவுக்குக் கை எலும்பு முறிந்தது. யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. அம்மா கணக்கிலிருந்து எடுத்துக் கட்டினோம். கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அப்பா சொன்னார்: ‘அன்னிக்கு நானூறு ரூபா இருந்திருந்தா...’ அதற்கு மேல் அவர் பேசவில்லை.