செவ்வாய்க் கிரகத்தாரும் பாதிரியாரும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு கதைப் புத்தகமும், அதைப் படம் பிடித்தவர்கள் அதற்குச் செய்த காரியமும் ஆகும். பகுத்தறிவுப் பிரசாரம் செய்ய வந்தவருக்குச் சினிமாப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். புராணத்தைக் கோவிலில் கேட்டவர்களைவிடக் கொட்டகையில் பார்த்தவர்களே அதிகம் என்பதை யோசித்தால் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

புத்தகத்தை எழுதியவர் ஹெச். ஜி. வெல்ஸ் என்கிற ஆங்கிலேயர். 1866-ம் வருஷம் லண்டனுக்குச் சமீபத்தில் பிராம்லி என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் பீங்கான் சாமான் கடை வைத்துச் சரியாய் நடக்காமல், கிரிக்கெட் ஆடியும் கொஞ்சம் சம்பாதித்தவர். தாயார் பெரிய வீடுகளில் ஊழியம் பார்த்தவர்; வெகு பக்தியுள்ளவர். பையனுக்கு 1874-ல் கால் முறிந்து படுக்கையில் கிடக்க நேர்ந்தது. அப்பொழுது பிடித்த புத்தகப் பைத்தியம் கடைசிவரை அவரை விடவில்லை.

படிக்க வைக்க வசதியில்லாததால் ஜவுளிக்கடையில் வேலை பழகத் தள்ளினார்கள். தினம் 13 மணி நேரம் நின்றுகொண்டு துணி மடிப்பதும், ராத்திரியில் மற்றப் பையன்களோடு ஒரே கொட்டடியில் படுப்பதும்தான் வாழ்வு. பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 17 மைல் நடந்தே தாயாரிடம் போய், இனி அந்தக் கடையில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 'விதி' என்று அங்கேயே நின்றிருந்தால் இன்று அவர் பெயர் நமக்குத் தெரிந்திராது. பிறகு உபகாரச் சம்பளம் பெற்று 1884-ல் லண்டனில் விஞ்ஞானக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஜீவ சாஸ்திரம் சொல்லிக்கொடுத்தவர் ஹக்ஸ்லி. டார்வின் கொள்கைக்காகப் பிஷப்புமாரோடு நேருக்கு நேர் வாதாடிய அதே ஹக்ஸ்லிதான்.

இந்த வெல்ஸ் 1897-ல் பத்திரிகையில் தொடராக எழுதி, 1898-ல் புத்தகமாக்கியதுதான் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' என்பது. செவ்வாய்க் கிரகத்திலிருந்து சில ஜந்துக்கள் இங்கிலாந்தில் வந்து இறங்குகின்றன. மூன்று கால் இயந்திரங்களில் ஏறிக்கொண்டு, உஷ்ணக் கதிராலும் விஷப் புகையாலும் ஊர்களை அழிக்கின்றன. பீரங்கியும் கப்பலும் பயன்படவில்லை. லண்டன் பட்டணமே மூட்டை முடிச்சோடு ஓடுகிறது.

இந்தக் கதை எப்படித் தோன்றிற்று தெரியுமா? தமையனார் பிராங்க் என்பவரோடு பேசிக்கொண்டு நடந்தபோது, டாஸ்மேனியாத் தீவில் வெள்ளைக்காரர்கள் செய்த அக்கிரமத்தைப் பற்றி அவர் சொன்ன வார்த்தையில் தோன்றிற்று. 1803-ல் வெள்ளையர் அங்கே குடியேறி, சில பத்து வருஷங்களுக்குள் அந்தத் தீவின் ஜனங்களை ஏறக்குறைய ஒழித்தே விட்டார்கள். (முழுதும் ஒழிந்தார்கள் என்று அக்காலத்தில் எழுதினார்கள், அது தவறு. அவர்கள் சந்ததியார் இன்றும் இருக்கிறார்கள்.) ஆகாயத்திலிருந்து ஒருவன் வந்து உனக்கும் அதையே செய்தால் உன் மனம் எப்படியிருக்கும் என்று தம் ஜாதியாரையே வெல்ஸ் கேட்டார். ஆங்கில ஏகாதிபத்தியம் கொடிகட்டிப் பறந்த சமயத்தில், ஆங்கிலேயரே, முதல் அத்தியாயத்திலேயே கேட்டார் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது பாதிரியார் சங்கதி. கதை சொல்லுகிறவனும் ஒரு துணைப் பாதிரியும் இடிந்த வீட்டில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். கடவுள் தண்டனை வந்துவிட்டது என்று பாதிரி அழுகிறான். கோவிலே எரிந்துவிட்டதே, இத்தனை நாள் செய்த தொண்டெல்லாம் வீணா என்கிறான். இருக்கிற கொஞ்ச ஆகாரத்தையும் அளவில்லாமல் தின்கிறான். எதிரிகள் வாசலில் நிற்கும்போது உரக்கக் கத்துகிறான். கடைசியில் கதை சொல்லுகிறவனே அவனை அடித்து வீழ்த்த நேரிடுகிறது. அது அவன் மனத்தை உறுத்தவும் செய்கிறது. ஆபத்து வந்தால் மதம் தாங்கும் என்கிறவர்களுக்கு வெல்ஸ் காட்டிய படம் இது.

சரி, அந்த ஜந்துக்கள் எப்படி ஒழிந்தன? கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால் ஒழிந்தன. நம்முடைய முன்னோர்கள் எண்ணற்ற தலைமுறைகளாக அந்தக் கிருமிகளுக்குப் பலியாகிப் பலியாகி, தப்பியவர்கள் வழியாக நமக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறது. செவ்வாய்க் கிரகத்தில் கிருமியே இல்லை. ஆகையால் வந்தவர்களுக்கு அந்தச் சக்தியும் இல்லை. இதுதான் கதையின் உயிர்நாடி. ஹக்ஸ்லியின் மாணவர் எழுதக்கூடிய முடிவு இது.

இனி சினிமாவுக்கு வருவோம். 1953-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பால் தயாரித்து, பைரன் ஹாஸ்கின் டைரக்ட் செய்து ஒரு படம் வந்தது. தந்திரக் காட்சிகளுக்காக ஆஸ்கார் பரிசும் பெற்றது; வேலைப்பாட்டில் குறை சொல்ல நமக்கு ஆசையில்லை. ஆனால் இங்கிலாந்து கலிபோர்னியாவாக மாறிற்று, டாஸ்மேனியா பறந்துவிட்டது. அழுமூஞ்சிப் பாதிரி போன இடம் தெரியவில்லை. அவனுக்குப் பதில் தைரியசாலியான ஒரு போதகர் வருகிறார். நம்மைவிட முன்னேறியவர்கள் கடவுளுக்கும் நம்மைவிட நெருங்கியவர்களாகத்தானே இருப்பார்கள் என்று நம்பி, வேதப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரி இயந்திரத்தின் முன்னே நடக்கிறார். ஒரு கதிரில் சாம்பலாகிறார். அணுகுண்டும் போட்டுப் பார்க்கிறார்கள், பயனில்லை. (அணுகுண்டு என்ற பெயரையே 1914-ல் ஒரு கதையில் வைத்தவர் வெல்ஸ்தான்.) கடைசியில் ஜனங்களெல்லாம் மாதா கோவிலில் கூடி ஜெபம் செய்கிறார்கள். இயந்திரம் அந்தக் கோவில் வாசலிலேயே விழுகிறது!

தோழர்களே, கணக்குப் பாருங்கள். வேதத்தைப் பிடித்துக்கொண்டு தனியாய்ப் போன போதகரைக் கடவுள் காப்பாற்றவில்லை. கூட்டமாய்ப் பாடினவர்களைக் காப்பாற்றினாராம். கிருமிகள் ஜெபத்துக்கு முந்தியே தங்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. அவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது, கோவிலும் தெரியாது. வைத்தியர் மருந்து கொடுத்துக் காய்ச்சல் நின்றதும் பூசாரி வந்து தட்சணை கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வெல்ஸ் 1946-ல் இறந்துவிட்டார். ஆகையால் ஆட்சேபிக்க ஆளில்லை. உயிரோடிருந்தபோது 1936-ல் வந்த 'திங்ஸ் டு கம்' என்ற படத்துக்கு அவரே கதை எழுதினார்; அதில் உலகத்தைச் சீர்ப்படுத்த வருகிறவர்கள் விஞ்ஞானிகளும் இயந்திர நிபுணர்களுமே.

இங்கே ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'புத்தகத்திலேயே, கிருமிகளைப் பற்றிச் சொல்லுமிடத்தில் கடவுள் பெயர் வருகிறதே, அதை மறைக்கலாமா?' என்று கேட்கிறார். நல்ல கேள்வி. வருகிறது, மறைக்கவில்லை. கதை சொல்லுகிறவன் ஓரிடத்தில் ஜெபமும் செய்கிறான். அவ்வளவு ஏன், முதல் மகாயுத்த சமயத்தில், 1917-ல், ஒரு மாதிரியான கடவுளை வைத்து வெல்ஸ் ஒரு புத்தகமே எழுதினார். 1934-ல் எழுதிய சுயசரிதத்தில் அந்தப் போக்கை அவரே விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். மனிதன் தவறுவான், திருத்திக்கொள்வான், வேதந்தான் திருத்திக்கொள்ளாது.

ஆனால் அந்த இடத்தில் கடவுள் என்பது ஒரு வார்த்தை; அதைத் தொடர்ந்து வருவது காரணம். 1953-ம் வருஷப் படம் கடவுளை வைத்துக்கொண்டது. நமக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு என்பதையும் சொல்லிற்று. அது யார் செத்து வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டது. 2005-ல் ஸ்பீல்பெர்க் எடுத்த படத்தில் பாதிரியும் இல்லை, போதகரும் இல்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டும் தொழிலாளிதான் கதாநாயகன். இயந்திரம் பூமியைப் பிளந்து கிளம்பும்போது முதலில் விரிசல் விடுவதில் ஒரு மாதா கோவிலும் சேர்ந்திருக்கிறது. முடிவுரையில் கடவுள் பெயரும் வருகிறது. எண்ணற்ற சாவுகளை விலையாகக் கொடுத்து மனிதன் வாங்கிய உரிமை இது என்ற பேச்சும் வருகிறது. சீட்டு அனுப்பிய தோழர் இரண்டு படத்தையும் பார்க்கட்டும், புத்தகத்தையும் படிக்கட்டும். அடுத்த கூட்டத்தில் மேடையேறி நம்மை மறுத்துப் பேசினாலும் கேட்டுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம்.