மின்சாரமும் நம் இல்லங்களும்

 

பாலக்காட்டுத் தமிழரான திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய சிவசமுத்திரம் மின் நிலையம், 1902-இல் காவிரி நீரால் இயங்கலாயிற்று. அம்மின்சாரம் 92 மைல் கடந்து முதலிற் சென்றது கோலார் தங்க வயலுக்கு. அங்கு உழைத்தோருள் பெரும்பாலோர் நம்மவர். ஐயரவர்களோ 1901-லேயே காலமானார். நம் மைசூருக்கு மின் விளக்கு 1908-இல் வந்தது.

இன்று காலனியின் ஒவ்வொரு சுவருக்குள்ளும் 230 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. "பியூஸ் இருக்கிறதே, பயமென்ன?" என்பார் பலர். பியூஸ் காப்பது கம்பியை, மனிதரை அன்று. 5 ஆம்பியர் பியூஸ் உருக அதனினும் மிகுந்த மின்சாரம் பாய வேண்டும். ஆளைக் கொல்ல அதில் ஐம்பதில் ஒரு பங்கே போதும்! பியூஸ் போனால் தடித்த கம்பியை முறுக்கிக் கட்டும் கெட்டிக்காரத்தனம் நம்மிடமும் ஒரு காலத்தில் இருந்தது, வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இமைப்பொழுதில் இணைப்பை அறுக்கும். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வீட்டு கிரைண்டராயினும் கடை இயந்திரமாயினும், பிளக்கின் மூன்றாம் முனையை ஒடித்துவிட்டுச் செருகாதீர்கள். எர்த் கம்பி அதில்தான் இருக்கிறது. வாளியில் ஹீட்டர் இருக்கையில், பிளக்கைப் பிடுங்கிய பின்னரே நீரைத் தொடுக.

எவருக்கேனும் ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல், முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது எங்கிருக்கிறதென்று பிள்ளைகளுக்கும் இன்றே காட்டிவிடுங்கள்.