பம்ப் ஒழுகினா சீல் மட்டும் மாத்தினா போதுமா?

போன மாசம் அப்பாவோட பழைய கார்ல பவர் ஸ்டீயரிங் பம்ப் ஒழுக ஆரம்பிச்சுது. அவருக்குத் தோள்பட்டை வலி. பவர் இல்லாத ஸ்டீயரிங்கை அவரால சுத்த முடியாது. நானே பம்பைக் கழட்டி, புது ஆயில் சீல், ஓ-ரிங் எல்லாம் போட்டேன். ரெண்டே நாள், மறுபடியும் தரையில எண்ணெய்!

தப்பு சீல்ல இல்ல, ஷாஃப்ட்ல. பழைய சீல் வருஷக்கணக்கா உரசி அங்க ஒரு பள்ளம். நகத்துல தட்டுப்படுது. அது மேல புது சீலும் நிக்காது. ஷாஃப்டையும் மாத்தினேன்.

ரோட்டர்ல இருக்கிற வேன் தகடுகளைத் திரும்பப் போடும்போது, உருண்டையான முனை வெளிப்பக்கம் கேம் ரிங்கைப் பாத்து இருக்கணும். எண்ணெய் ஊத்தினதும் முன் சக்கரங்களைத் தூக்கி, எஞ்சின் ஓடாம ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா பலமுறை திருப்புங்க. உள்ள இருக்கிற காத்து வெளியேறும்.

சீல் வாங்குறதுக்கு முன்னாடி ஷாஃப்டை நகத்தால தடவிப் பாருங்க. அவ்வளவுதான்!