பிடிப்பதைவிட விடுவதே பெரிது

தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரை



தேக்கா சந்தைக்குப் போகிறோம். தெங்கிரியா, பாறையா, வவ்வாலா என்று செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். விலை பேசி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறோம். சில எட்டு வைத்தால் புக்கிட் தீமா சாலையோரம் ரோச்சோர் கால்வாய் ஓடுகிறது. அதை வெறும் மழைநீர்ச் சாக்கடை என்று எண்ணுகிறவர்கள் இன்றும் உண்டு. அது சாக்கடை அன்று. நாளை நம் வீட்டுக் குழாயில் வரப்போகும் தண்ணீர்.

சிராங்கூன் சாலையில் பெய்யும் மழை வடிகாலில் இறங்கி, ரோச்சோர் கால்வாயில் சேர்ந்து, காலாங் படுகை வழியாக மரீனா நீர்த்தேக்கத்தை அடைகிறது. 2008ஆம் ஆண்டு அக்டோபரில் மரீனா அணைக்கட்டு திறக்கப்பட்டது. கடல் நீர் தடுக்கப்பட்டது. 2010இல் அது நன்னீர்த் தேக்கமாக மாறியது. இப்போது இந்தச் சின்னத் தீவில் 17 நீர்த்தேக்கங்கள். நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீரைச் சேகரிக்கும் பகுதி.

இவ்வளவு தண்ணீர் இருந்தால் மீன் இருக்கும். மீன் இருந்தால் தூண்டிலும் வரும். அந்தத் தூண்டிலைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

கண்மாய் வேறு, நீர்த்தேக்கம் வேறு

தூண்டில் போடுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் கூடையுமாக ஊரே தண்ணீரில் இறங்கிவிடும். கெண்டை, கெளுத்தி, விரால் என்று கிடைத்ததை அள்ளிக்கொண்டு போவார்கள். அன்று தெருவெல்லாம் மீன் குழம்பு வாசம்தான்.

அந்த ஊரிலிருந்து ஒரு தம்பி இங்கே கட்டுமான வேலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாள் உழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. லிட்டில் இந்தியாவுக்கு வந்து ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, நண்பர்களோடு ஒரு கால்வாய் ஓரமாக நடக்கிறார். தண்ணீரில் மீன் புரள்கிறது. கை சும்மா இருக்குமா? ஒரு நரம்பு, ஒரு முள், கொஞ்சம் மண்புழு. இதிலே என்ன தப்பு இருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றும்.

ஆனால் சட்டப்படி அது குற்றம். அனுமதியில்லாத இடத்தில் நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ மீன்பிடித்தால் 3,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். ஊரில் வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்க வந்த ஒருவருக்கு 3,000 வெள்ளி என்பது எத்தனை மாதச் சேமிப்பு? ஒரு கெண்டைக்கு அந்த விலையா?

ஆகவே முதலில் சொல்லவேண்டியது இதுதான். சிங்கப்பூரில் மீன்பிடிக்கத் தடையில்லை. இடமும் முறையும்தான் உண்டு. பொதுப் பயனீட்டுக் கழகம் பிடோக், லோயர் சிலேத்தார், மெக்ரிட்சி, கிராஞ்சி போன்ற நீர்த்தேக்கங்களில் சில கரைப்பகுதிகளைத் தூண்டில்காரர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அறிவிப்புப் பலகை இருக்கும். பலகை தெரியாத இடத்தில் தூண்டிலை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது.  காசு கொடுத்து மணிக்கணக்கில் உட்கார்ந்து பிடிக்கக் கட்டணக் குளங்களும் உண்டு.

புழுவுக்கு ஏன் தடை?

ஒதுக்கப்பட்ட இடத்திலும் ஒரு நிபந்தனை உண்டு. நீர்த்தேக்கத்தில் செயற்கை இரையைத்தான் பயன்படுத்த வேண்டும். ரப்பர் மீன், மர மீன், பளபளக்கும் தகடு இவையெல்லாம் ஆகும். புழு, இறால், குட்டி மீன் ஆகா.

'சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடி' என்பது நம் பழமொழி. அது வியாபாரத்துக்குப் பொருந்தலாம். குடிநீர்த் தேக்கத்துக்குப் பொருந்தாது. ஒருவர் வீசும் நாலு புழு தண்ணீரைக் கெடுத்துவிடாது. நூறு பேர் வாரந்தோறும் வீசி, மிச்சத்தையும் அங்கேயே கொட்டிவிட்டுப் போனால்? அது அழுகும். அதோடு, முள்ளிலிருந்து நழுவிய குட்டி மீன் அந்தத் தண்ணீரிலேயே குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். இந்த இரண்டாவது ஆபத்துதான் பெரியது. அது எப்படி என்று பார்ப்போம்.

நல்ல மனத்தோடு விட்ட மீன்

ஜிலேபிக் கெண்டையை அறியாதவர் யார்? அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் உணவுத் தட்டுப்பாட்டை ஒட்டிச் சாவகத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. 1952இல் இலங்கை வழியாக இந்தியாவுக்குப் போனது. ஏழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்பதுதான் நோக்கம். நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் அந்த மீன் ஏரி, அணை என்று பரவி, பல இடங்களில் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தமிழகத்தின் அமராவதி அணையில் அது ஆட்சி செய்த கதை மீன்துறையினர் அறிந்ததே.

காவிரியின் கதை இதைவிட வேதனையானது. கெண்டைக் குடும்பத்தின் பேரரசன் என்று சொல்லத்தக்க மீன் மஹசீர். அதிலும் முதுகில் திமில் போன்ற மேடும் செம்மஞ்சள் துடுப்பும் கொண்ட மஹசீர், காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்கும் மட்டுமே உரியது. 1946இல் கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய மஹசீர் ஒன்றின் எடை 120 பவுண்டு. ஏறத்தாழ 54 கிலோ! ஒரு மூட்டை அரிசியைவிடக் கனம்.

அணை, நச்சு, வெடி என்று மஹசீர்களுக்குப் பல வகையில் ஆபத்து வந்தபோது, அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று நல்லவர்கள் சிலர் முன்வந்தார்கள். 1970களிலிருந்து லோனாவாலாவில் பொரிக்கப்பட்ட குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. ஆனால் அவை நீலத் துடுப்பு மஹசீர் என்ற வேறொரு இனம். வந்தவை பெருகின. சொந்தக்காரன் அருகிப் போனான்.

இந்த உண்மை எப்படி வெளிப்பட்டது தெரியுமா? தூண்டில்காரர்களின் குறிப்பேட்டிலிருந்துதான். காவிரிக் கரையில் காலிபோர் முகாமில் மீனைப் பிடித்து, எடைபோட்டு, எழுதிவைத்துக்கொண்டு திரும்பவும் ஆற்றில் விட்டார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் கணக்கை ஆய்வாளர்கள் புரட்டியபோது ஒரு மீன் ஏறுவதும் மற்றொரு மீன் இறங்குவதும் கண்ணாடிபோல் தெரிந்தது. 2018இல்தான் திமில் மஹசீருக்கு அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாகப் பட்டியலிடப்பட்டது. பேர் வைக்கும் நாளிலேயே ஆயுளைப் பற்றிய கவலை!

சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களும் இதற்கு விலக்கல்ல. இங்கே தூண்டில்காரர்கள் பெரிதும் விரும்பும் பீகாக் பாஸ் மீன் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் நச்சு முள் கொண்ட தென்னமெரிக்க நன்னீர்த் திருக்கை பெருகியது பதிவாகியிருக்கிறது. 2022இல் மெக்ரிட்சியில் அலிகேட்டர் கார் என்ற வட அமெரிக்க மீன் ஒன்று தென்பட்டது. முதலை போன்ற நீண்ட வாய், ஆளுயரத்துக்கும் மேலே வளரும் உடம்பு. கடலையும் கண்டத்தையும் தாண்டி அது நீந்தியா வந்திருக்கும்? இப்படிப்பட்ட மீன்களை அலங்காரத்துக்காக வாங்குகிறார்கள். தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்ததும், 'பாவம், கொல்ல மனம் வரவில்லை' என்று தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள்.

விசாகத் தினத்தையொட்டிப் புண்ணியத்துக்காக மீனும் ஆமையும் விடுவதும் உண்டு. விட வேண்டாம் என்று தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. 2020இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படியும் அது தண்டனைக்குரியது. விடப்பட்ட உயிர்களில் பல, பழகாத தண்ணீரில் இரைதேடத் தெரியாமல் இறந்துபோகின்றன. பிழைத்தவையோ அங்கே ஏற்கெனவே வாழ்கிறவற்றின் சோற்றில் கை வைக்கின்றன. ஒரு உயிரைக் காத்த கணக்கில் பல உயிர் போனால் அது புண்ணியமா?

வளர்க்க முடியாத மீனை என்ன செய்வது என்று கேட்கலாம். வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதைவிட நல்லது, வாங்கும்போதே இது எவ்வளவு பெரிதாக வளரும் என்று கேட்பது.

பிடித்த மீனை விடும் முறை

'பிடித்த மீனையும் விடக்கூடாதா?' என்று தூண்டில்காரர் கேட்பார். அது வேறு. பிடித்த மீனைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வாளியில் போட்டு இன்னொரு நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோவதுதான் கூடாது.

விடுவதிலும் முறை உண்டு. மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். மீனின் உடம்பிலுள்ள வழுவழுப்புதான் அதற்குக் கவசம். உலர்ந்த கை அந்தக் கவசத்தை உரித்துவிடும். முள்ளின் எதிர்க்கொக்கியை முன்னதாகவே நசுக்கிவைத்தால் வாய் கிழியாமல் கழற்றலாம். செவுளில் விரல் விட்டுத் தூக்கிப் படமெடுத்துக்கொண்டே நிற்கக்கூடாது. வெதுவெதுப்பான நீரில் உயிர்வளி குறைவு. களைத்த மீன் தேறுவதற்கு நேரமாகும். தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்து, அது தானாக வாலை அடித்துப் போகும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

விரால் இனத்தைத் தேடிப் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நம் ஊர் விராலைத்தான் இங்கே ஹாருவான் என்கிறார்கள். அதன் பெரிய உறவுக்காரன் தோமான். தண்ணீர்ப் பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் திரளாகப் புரண்டால், அடியில் பெற்றவர்கள் காவலிருக்கிறார்கள் என்று பொருள். கோபத்தில் இருப்பதால் தூண்டிலை உடனே கவ்விவிடும். எளிதாகக் கிடைக்கிறதே என்று காவலைத் தூக்கிவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. அந்த இடத்தில் தூண்டிலைச் சுருட்டிக்கொள்வதே வீரம்.

அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவராதீர்கள். அது மக்காது. காலாங்கிலும் மரீனாவிலும் உலவும் நீர்நாய்க் குடும்பங்களைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அந்தக் கழுத்தில் நரம்பு சுற்றினால், நாரையின் காலில் முள் ஏறினால், அது மெல்லச் சாகும். பின்னால் நடந்துபோகிறவர் மேல் முள் படாமல் திரும்பிப் பார்த்து வீசுவதும் தூண்டில்காரரின் கடமை.

நேயர்களே, இவையெல்லாம் பலகையில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் புதிதாக வந்த தம்பிக்கு அது ஆங்கில எழுத்து. இங்கே பல ஆண்டு இருந்து விவரம் தெரிந்த அண்ணன்மார்கள்தான் அவருக்குப் பலகையாக இருக்க வேண்டும். தங்கும் விடுதியில் யாராவது முள்ளும் நரம்பும் வாங்கிவைத்திருப்பதைக் கண்டால், கேலி செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "தம்பி, பிடிக்கலாம். எங்கே என்று நான் காட்டுகிறேன். புழுவை மட்டும் விட்டுவிட்டு வா." அந்த ஒரு வார்த்தையில் அவருடைய சம்பளமும் தப்பும், எல்லாரும் குடிக்கும் தண்ணீரும் தப்பும்.