வீசா கைக்கு வந்த பின்னர் தாமதம் ஏன்?

 

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே அமைந்த நமது றொசல்ல புகையிரத நிலையம் எத்தனையோ பிரியாவிடைகளைக் கண்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், அவ்வோராண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்திற்கும் அதிகமான இலங்கையர் தொழில் தேடிக் கடல் கடந்தனர். ஆனால் வீசா கிடைத்தும் புறப்படாதவர்களும் நம்மிடையே உள்ளனர்.

இப்பகுதி வாலிபர் ஒருவர் ஜும்ஆவின் பின்னர் என்னிடம் வந்தார். உம்மாவின் நகையை அடகு வைத்து வளைகுடா நாடொன்றின் தொழில் வீசாவைப் பெற்றிருந்தார். தாத்தாவின் கல்யாணம் முடியட்டும் என்று ஒரு மாதம். பெருநாள் கழியட்டும் என்று இன்னும் சில வாரங்கள். முகவரின் அழைப்புகளுக்கும் பதிலளிக்கவில்லை. வீசா காலாவதியாயிற்று, அடகு மாத்திரம் எஞ்சியது. "ஹஸ்ரத், இது கத்ர் தானே?" என்று கேட்டார். கத்ரை நாம் ஈமான் கொண்டுள்ளோம். ஆயினும் நமது அசட்டையைக் கத்ரின் மீது சுமத்த நமக்கு உரிமையில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு கற்பித்த மார்க்கமல்லவா நமது மார்க்கம்!

சகோதரர்களே! வீசா என்பது தவணையுள்ள அனுமதி. உதாரணமாக, ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழில் நுழைவு அனுமதி பொதுவாக 60 நாட்களுக்கே செல்லுபடியாகும். அத்துடன் அது ஓர் ஒப்பந்தத்தின் வாசலுமாகும். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு சூரதுல் மாஇதாவின் முதல் வசனமே கட்டளையிடுகின்றது. மத்யனுக்கு அந்நியராகச் சென்ற மூஸா (அலை) அவர்கள் எட்டு வருடங்கள் ஊழியம் செய்ய உடன்பட்டார்கள். பத்தாக்குவது அவர்களது விருப்பமாக இருந்தது. அவர்கள் கூடிய தவணையையே பூர்த்தி செய்ததாக இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் கூறியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

அப்படியாயின் எல்லாத் தாமதமும் தவறா? இல்லை. அபூபக்ர் (ரழி) அவர்கள் ஹிஜ்ரத் செல்ல ஆயத்தமானபோது, நபி (ஸல்) அவர்கள் சற்றுப் பொறுக்கச் சொன்னார்கள். அபூபக்ர் (ரழி) அவர்கள் பொறுத்தார்கள். ஆனால் சும்மா இருக்கவில்லை. இரண்டு ஒட்டகங்களுக்கு நான்கு மாதங்கள் இலை தழை ஊட்டித் தயாராக வைத்திருந்தார்கள். காத்திருப்பதற்கும் கடத்துவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. நபி (ஸல்) அவர்களும் தம்மிடமிருந்த அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரழி) அவர்களை நியமித்த பின்னரே மக்காவை விட்டு வெளியேறினார்கள்.

எனவே பெற்றோர் நோயுற்றிருந்தால், கடனுக்கு ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தால், ஒப்பந்தத்தில் ஐயம் இருந்தால் தாமதியுங்கள். ஆனால் அதனை அன்றே முகவருக்கும் தொழில் தருநருக்கும் அறிவித்து, புதிய திகதியைக் கேட்டுப் பெறுங்கள். மௌனமாக இருப்பது வாக்கை முறிப்பதாகும். அந்த இடத்திற்காக ஏங்கி நின்ற இன்னொரு ஏழையின் வாய்ப்பும் அதனால் வீணாகின்றது.

பெற்றோர்களே! அவசரமும் ஆபத்தானது. மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டார். பொறுப்பிலிருந்த குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பொய்யான ஆவணத்தில் பிள்ளையை விமானம் ஏற்றாதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமலும் அனுப்பாதீர்கள்.

வாலிபரே! வீசா கிடைத்த அன்றே அதன் இறுதித் திகதியை வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள். இஸ்திகாரா தொழுங்கள். மனம் ஒரு முடிவுக்கு வந்தால் நாளைக் குறியுங்கள். போவதில்லை என்றாலும் அதனை இன்றே கூறிவிடுங்கள்.

வல்ல அல்லாஹ் நமது பயணங்களிலும் சம்பாத்தியத்திலும் பரகத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.