கட்டுச்சாதக் கூடையும் ஒரு தத்துவமும்

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒருவர் பேசுவது மற்றவருக்கு எப்படிப் புரிகிறது என்பதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். சாப்பாட்டு வேளைக்கு முன் தத்துவம் பேசுகிறவனை யாரும் மன்னிப்பதில்லை. ஆகவே ஒரு கல்யாணக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் என் தம்பி பெண்ணின் விவாகம் நாக்பூரில் நடந்தது. நாங்கள் இரண்டு தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். பிள்ளை வீட்டார் கும்பகோணம் பக்கம். நிச்சயதார்த்தத்தின்போதே பிள்ளையின் தாயார், "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், பொண்ணை அனுப்பினாப் போறும்" என்று சொல்லிவிட்டார். என்ன பெருந்தன்மை என்று மகிழ்ந்தோம். கல்யாணம் நன்றாக நடந்தது. மறுநாள் காலை சம்பந்திகளை ரயில் ஏற்றிவிட்டோம். கட்டுச்சாதக் கூடை கொடுக்கவில்லை. ஒன்றும் வேண்டாம் என்றவர்களாயிற்றே, ரயிலில்தான் சாப்பாடு கிடைக்கிறதே என்று நினைத்துவிட்டோம்.

அதன்பின் 6 வருஷம் அந்த அம்மாள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. காரணமும் சொல்லவில்லை. நடுவில் அவஸ்தைப்பட்டவள் எங்கள் பெண்தான்.

"ஒண்ணும் வேண்டாம்" என்பது இரண்டே வார்த்தைகள். இரு தரப்பாருக்கும் தாய்மொழி தமிழ். அப்படியிருந்தும் பொருள் ஏன் தவறிப் போயிற்று?

இதற்கு நம் சாஸ்திரங்களிலேயே ஒரு விளக்கம் உண்டு. தர்க்கம் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளும் நூல் அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகம். ஒரு வாக்கியத்தின் பொருள் விளங்க மூன்று வேண்டும் என்கிறது அது. ஒரு சொல் மற்றொரு சொல்லை எதிர்பார்த்து நிற்பது ஆகாங்க்ஷை. பொருளில் முரண் இல்லாதிருப்பது யோக்யதை. சொற்கள் இடைவெளியின்றி வருவது ஸந்நிதி. யோக்யதைக்கு அவர் காட்டும் உதாரணம், "நெருப்பால் நனைக்கிறான்" என்ற வாக்கியம். இலக்கணத்தில் குறை இல்லை. ஆனாலும் பொருள் கூடவில்லை. நெருப்பு நனைக்காது என்பது சொல்பவருக்கும் கேட்பவருக்கும் முன்பே தெரிந்த விஷயம். அந்தப் பொது அறிவின் மேல்தான் வாக்கியம் நிற்கிறது.

நையாயிகர்கள் பலர் நான்காவதாகத் தாத்பர்யத்தையும் சேர்ப்பார்கள். தாத்பர்யம் என்றால் சொல்பவரின் உட்கருத்து. ஸைந்தவம் என்ற சொல்லுக்கு இந்துப்பு என்றும் பொருள், சிந்து நாட்டுக் குதிரை என்றும் பொருள். இலையில் உட்கார்ந்திருப்பவர் "ஸைந்தவம் கொண்டு வா" என்றால் யாரும் குதிரையைப் பிடித்துவரப் போவதில்லை. சாப்பாட்டு வேளை என்பதும், அப்போது என்ன தேவைப்படும் என்பதும் இருவருக்கும் தெரியும்.

மேல்நாட்டிலும் இதே கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் குவைன் 1960-ல் வெளியிட்ட நூலில் ஒரு கற்பனை சொல்கிறார். முற்றிலும் தெரியாத பாஷை பேசும் ஊருக்கு ஒருவர் போகிறார். ஒரு முயல் ஓடுகிறது. ஊர்க்காரர் "கவகாய்" என்கிறார். முயல் என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் முயலின் ஓர் அங்கத்தைச் சொன்னாரோ, அந்தக் கணத்து முயலை மட்டும் சொன்னாரோ, கண்ணால் பார்ப்பதை மட்டும் கொண்டு தீர்மானிக்க முடியாது என்கிறார் குவைன்.

அவரைத் தொடர்ந்து வந்தவர் டொனால்ட் டேவிட்சன் (1917-2003). அவர் சொன்னது இதுதான்: பிறர் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அவர் பெரும்பாலும் சரியானவற்றையே நம்புகிறவர் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். நாம் பார்க்கும் மழையை அவரும் மழை என்றே பார்க்கிறார். இதை நாம் நல்லெண்ணக் கொள்கை என்று சொல்லலாம். இது நம் தாராள மனசைப் பொறுத்த விஷயம் இல்லை. இது இல்லாவிட்டால் புரிதலே தொடங்காது என்பது அவர் வாதம். இன்னொன்றும் சொன்னார். கருத்து வேற்றுமை என்பதே பெரிய கருத்து ஒற்றுமையின் நடுவில்தான் தென்படும். ஆயிரம் விஷயங்களில் ஒத்துப் போகிறவர்களால்தான் ஒரு விஷயத்தில் சண்டை போடவே முடியும்.

இப்போது கதையின் மிச்சத்தைச் சொல்கிறேன். 6 வருஷம் கழித்து என் தம்பி மனைவி நேரே கும்பகோணம் போய், "மாமி, நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் சொன்னார்: "ஒண்ணும் வேண்டாம்னா பணம் வேண்டாம், பாத்திரம் வேண்டாம்னு அர்த்தம். வந்தவாளை வழிக்கு ஒரு பிடி தயிர்சாதம் இல்லாம வெறுங்கையோட அனுப்புங்கோன்னா அர்த்தம்?"

அவர் கணக்கில் கட்டுச்சாதம் 'ஒன்று' என்பதிலேயே சேராது. மனுஷாளை அனுப்பும் முறை அது. நெருப்பு நனைக்காது என்பதைப் போல, சொல்லத் தேவையில்லாத விஷயம். இரண்டு தலைமுறையாக வெளியூரில் இருந்த எங்களுக்கு அது நினைவிலிருந்தே போய்விட்டிருந்தது. முஹூர்த்தம், மாங்கல்யம், சம்பந்தி மரியாதை என்று எல்லாவற்றிலும் ஒத்துப்போன இரண்டு குடும்பங்கள், ஒரு கூடையில் பிரிந்து நின்றோம். அவர் எங்களைக் கஞ்சர்கள் என்று நினைத்தார். நாங்கள் அவரைக் காரணமில்லாமல் முறுக்கிக்கொள்பவர் என்று நினைத்தோம். எதிரில் இருப்பவர் நியாயமானவர், நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று யோசிக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

நம் அங்கத்தினர்கள் இன்று பல நகரங்களில் இருக்கிறார்கள். டில்லியில் வளர்ந்த பெண்ணும் மதுரையில் வளர்ந்த மாமியாரும் ஒரே தமிழ் பேசலாம். ஆனால் சொல்லாமல் விடும் விஷயங்கள் இருவருக்கும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே என் வேண்டுகோள் இரண்டுதான். பெரியவர்கள், "இது கூடத் தெரியாதா" என்று வருத்தப்படுவதற்கு முன், வாய் திறந்து சொல்லிவிடுங்கள். இளையவர்கள், பெரியவர்கள் பேச்சு முரணாகத் தோன்றினால், "என்ன மனசில வெச்சுண்டு சொல்றேள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு கேள்வியில் முடியவேண்டியதற்கு நாங்கள் 6 வருஷம் செலவழித்தோம்.

அதன்பின் அந்த அம்மாள் நாக்பூர் வந்து திரும்பியபோது கூடை தயாராக இருந்தது. ரயிலில் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.