பத்தடி உயரத்தில் ஒரு பழக்கூடை
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



"விளையாட்டு சோறு போடுமா சார்?" என்று பெற்றோர் கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான். அதற்கு நான் பதில் சொல்வதைவிட, ஒரு மனிதரின் வாழ்க்கை சொல்லட்டும். அவர் பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கூடைப்பந்தை உலகுக்குத் தந்தவர்.

அவர் 1861ஆம் ஆண்டு கனடா நாட்டில் பிறந்தார். ஒன்பது வயதில் டைபாய்டு காய்ச்சல் தாயையும் தகப்பனையும் கொண்டு போய்விட்டது. உறவினர் வீட்டில் வளர்ந்த பையன், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் காட்டில் மரம் வெட்டப் போனான். சில ஆண்டுகள் அந்தப் பிழைப்பு. பிறகு வெட்கப்படாமல், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மறுபடியும் பள்ளியில் உட்கார்ந்தான். மான்ட்ரியல் நகரின் மெகில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றான். சமயக் கல்வியும் முடித்தான். பெற்றோர்களே, பள்ளியை விட்ட பிள்ளைக்குத் திரும்பி வர வழியில்லை என்று யாராவது சொன்னால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பாதிரியாராகப் போகவேண்டியவர், இளைஞர்களை நல்வழிப்படுத்த விளையாட்டும் ஒரு வழி என்று நம்பினார். அக்காலத்தில் விளையாட்டைச் சாத்தானின் வேலை என்று எண்ணியவர்களும் உண்டு! 1890இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார்.

அங்கே ஒரு முரட்டு வகுப்பு. பதினெட்டுப் பேர். குளிர்காலம், வெளியே பனி. உள்ளே உடற்பயிற்சி என்றாலே அவர்களுக்குச் சலிப்பு. இரண்டு ஆசிரியர்கள் முயன்று கைவிட்டுவிட்டார்கள். "பதினான்கு நாளில் புதிதாக ஒரு விளையாட்டைக் கண்டுபிடி" என்று மேலதிகாரி குலிக், நெய்ஸ்மித்திடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

அவர் எப்படி யோசித்தார் பாருங்கள். பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதால்தானே மற்றவன் பிடித்து மடக்குகிறான், தள்ளுகிறான்? ஆகவே பந்தோடு ஓடக்கூடாது. கோல் தரையில் இருந்தால் வேகமாக அடிக்கத்தானே தோன்றும்? ஆகவே கோலைத் தலைக்கு மேலே வைத்தார். அப்போது பந்தை மெல்லத் தூக்கிப் போட்டால்தான் விழும். இந்த யோசனை எங்கிருந்து வந்தது? சிறுவயதில் கிராமத்தில் கல்லெறிந்து விளையாடிய விளையாட்டிலிருந்து! நம் பிள்ளைகள் லயத்து வாசலில் ஆடும் கோலியையும் கிட்டிப்புள்ளையும் இனிமேல் சும்மா நினைக்காதீர்கள்.

பள்ளிக் காவலாளியிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடை இரண்டு கிடைத்தது. மேல்தளக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். அதன் உயரம் பத்தடி. இன்றும் அதே பத்தடிதான். பதின்மூன்று விதிகளை எழுதினார். 1891 டிசம்பரில் அணிக்கு ஒன்பது பேராக முதல் ஆட்டம் நடந்தது. விழுந்தது ஒரே ஒரு கோல். முரட்டு வகுப்பு அடங்கியது. யாரையும் வெளியே துரத்தவில்லை. பிள்ளை முரடன் என்றால், அவனுக்கு ஏற்ற வேலையை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்றுதான் பொருள்.

"உங்கள் பெயரையே வைக்கலாமே" என்று மாணவர் ஒருவர் சொன்னபோது நெய்ஸ்மித் சிரித்து மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டே செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அந்த விளையாட்டு இங்கிலாந்துக்குப் போய் வலைப்பந்தானது. மாணவிகளே, நீங்கள் ஆடும் வலைப்பந்து வளையமும் அதே பத்தடிதான். இதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர், 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார் என்பதும் நமக்குத் தெரியவேண்டியது.

1898இல் மருத்துவப் பட்டமும் பெற்று, நெய்ஸ்மித் கேன்சஸ் பல்கலைக்கழகம் சேர்ந்தார். அங்கே அவர் பயிற்றுவித்த அணி வென்றது 55 ஆட்டம், தோற்றது 60. விளையாட்டைக் கண்டுபிடித்தவரே தோற்றிருக்கிறார்! இன்று மேடையேறிப் பரிசு வாங்காத பிள்ளைகளே, இந்தக் கணக்கை மனத்தில் வையுங்கள்.

இன்னொன்று. ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் 1933இல் அங்கே படிக்க வந்தார். நிறத்தைக் காட்டி அவரை அணியில் சேர்க்கவில்லை. முதியவரான நெய்ஸ்மித் அவருக்கு வழிகாட்டியாக நின்றார். பின்னாளில் மெக்லெண்டன் புகழ்பெற்ற பயிற்றுநராகி, 1957 முதல் 1959 வரை தம் கல்லூரி அணிக்குத் தொடர்ந்து மூன்று தேசிய வெற்றிகளைத் தேடித்தந்தார். ஓர் ஆசிரியர் பிடித்த கை எவ்வளவு தூரம் கொண்டு போகிறது!

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து அரங்கேறியதைக் கண்ணால் கண்டு மகிழ்ந்த அவர், 1939இல் மறைந்தார். பெரும் பணம் எதுவும் சேர்க்கவில்லை.

ஆகவே, "விளையாட்டு சோறு போடுமா?" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: எல்லாருக்கும் போடாது. ஆனால் கூடி ஆடவும், விதிக்குக் கட்டுப்படவும், தோற்றாலும் மறுநாள் திடலுக்கு வரவும் கற்றுக்கொடுக்கும். அந்தப் பழக்கம் உள்ள பிள்ளை படிப்பையும் சுலபத்தில் விட்டுவிடாது. மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புங்கள். நீங்களும் வந்து ஓரமாக நின்று கைதட்டுங்கள். அம்மாவும் அப்பாவும் பார்க்கிறார்கள் என்றால் அவர்களுக்கு அதைவிடப் பெரிய கோப்பை வேண்டியதில்லை.